போர்ட்ரெய்ட் ஸ்டுடியோ போட்டவர்கள் சொல்லுங்கள்: அறை, லைட், வந்த ஆட்கள்

கோவில்பட்டியிலிருந்து:

ஸ்டுடியோ போடப் போகிறேன் என்று யோசனை கேட்டு வரும் தம்பிகள் எல்லாரும் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, கடை எத்தனை அடி நீளம்?

பத்துக்குப் பன்னிரண்டு என்பார்கள். பாஸ்போர்ட் போட்டோவுக்கும் மார்பளவு படத்துக்கும் அது போதும். ஆனால் ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பழைய ஃபிலிம் அளவுக்கு சென்சார் உள்ளது) 85 எம்எம் லென்ஸ் போட்டு, ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க வேண்டுமென்றால் நமக்கும் அவருக்கும் நடுவிலேயே 17 அடி வேண்டும். அவருக்கும் பின்திரைக்கும் ஐந்தாறு அடி விடாவிட்டால் நிழல் திரையில் விழும். இடம் இல்லையே என்று அகலமாக எடுக்கும் 35 எம்எம் லென்ஸ் போட்டுக் கிட்டே போனால், மாப்பிள்ளையின் மூக்கு முதலில் வந்து நிற்கும். அதனால் மெயின் ரோட்டில் அகலமான கடைக்குக் கொடுக்கிற வாடகையை விட, சந்துக்குள் நீளமான கடை மேல்.

இந்தத் தூரத்தில் இன்னொரு லாபமும் உண்டு. லைட் முகத்துக்கு 3 அடியில், பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர் லைட்டிலிருந்து 9 அடியில் என்றால், சுவருக்குப் போவது முகத்தில் விழும் வெளிச்சத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். வெள்ளைச் சுவர் படத்தில் நல்ல சாம்பலாக இறங்கிவிடும். தனியாகச் சாம்பல் திரை வாங்கத் தேவையில்லை.

என் கடைக்கு வீட்டுக்காரர் பிஸ்தா பச்சை அடித்து வைத்திருந்தார். ராசியான நிறமாம், மாற்றவே விடவில்லை. ஃபிளாஷ் அடித்தால் பக்கச் சுவரில் பட்டு வந்து, உட்கார்ந்தவரின் ஒரு கன்னம் பச்சையாகத் தெரியும். கடைசியில் ஒரு பக்கம் கறுப்புத் துணி தொங்கவிட்டு, எதிர்ப்பக்கம் பெரிய தெர்மாகோல் அட்டையை நிறுத்தினேன். இன்றுவரை அப்படித்தான் ஓடுகிறது.

ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை வாங்கும் திறன்) 100, எஃப் (லென்ஸ் துவார அளவு) 8, ஷட்டர் 125 (நொடியில் 125-ல் ஒரு பங்கு) வைத்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். ஸ்கிரீன் முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். ஏதாவது தெரிந்தால் டியூப்லைட்டோ ஜன்னலோ உள்ளே நுழைகிறது என்று அர்த்தம்.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து:

அண்ணன் சொல்வது கடை பிடிக்க முடிந்தவர்களுக்கு. என்னுடையது வீட்டு மாடி அறை. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல், வெள்ளை வேட்டித் துணி, அண்ணனைப் போலவே ஒரு தெர்மாகோல். நேர் வெயில் பெரும்பாலும் உள்ளே வராததால் காலை பத்திலிருந்து மூன்று மணி வரை வெளிச்சம் பெரிதாக மாறாது. மேகம் வந்தால் ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். டியூப்லைட்டை மட்டும் கட்டாயம் அணைத்துவிடுவேன். இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகத்தின் நிறத்தை அப்புறம் சரிசெய்வது பெரும்பாடு.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கடைக்குப் போகக் கூச்சப்படுகிற பெண்கள். ஒருமுறை எண்பதை நெருங்கும் ஒரு ஆச்சியை மகன் கூட்டிவந்தார். உட்கார்ந்ததும் ஆச்சி, "மாலை போட்டு மாட்டுற படம்மா, பாத்து எடு" என்றார். மகனுக்கு முகம் மாறிவிட்டது. ஆச்சிக்கு ஒன்றுமில்லை, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தோடு தெரிகிறதா என்று இரண்டு தடவை கேட்டார். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்து எடுத்தேன். கறுத்த தோலில் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தால் நெற்றியிலும் கன்னத்து எலும்பிலும் ஒரு மினுமினுப்பு வரும். எதிரே நேராக ஃபிளாஷ் அடித்தால் அதெல்லாம் தட்டையாகிப் போகும்.

மகன், "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க" என்றார். முகத்தை வெளுப்பாக்கிக் காட்டினேன். ஆச்சி உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாருடா, உன் மாமியாளா?" என்றார். முதல் படத்தைத்தான் பிரிண்ட் போட்டோம்.

கோவில்பட்டியிலிருந்து மறுபடியும்:

அந்த ஆச்சிக்கு ஒரு கும்பிடு. கலர் ஏற்றச் சொல்கிறவர்களுக்கு நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன்: விசா போட்டோ என்றால் தொடவே மாட்டேன். அமெரிக்க விசாவுக்கு 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், வெள்ளைப் பின்னணி. முகத்தை எடிட் செய்த படத்தை ஏற்க மாட்டார்கள். மூக்குக்கண்ணாடியும் 2016 நவம்பரிலிருந்து கூடாது.

சாதாரணப் படத்தில் கண்ணாடி போட்டிருக்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. காதில் மாட்டும் காம்பைக் காதுக்கு மேலே அரை விரல்கடை தூக்கி வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி லேசாகக் கீழே சாய்ந்து, லைட்டின் பிரதிபலிப்பு ஓடிவிடும். லைட்டையும் ஒரு அடி உயர்த்தினால் இன்னும் நல்லது. அதற்குத்தான் கூரை 10 அடிக்குக் குறையக் கூடாது என்கிறேன். ஃபேன் இடிக்கிறதா என்று வாடகை பேசும்போதே அண்ணாந்து பாருங்கள்.