அப்புச்சி வீட்டுக் குழு: கவினுக்கு எந்த ஜாய்ஸ்டிக்?

*சனிக்கிழமை இரவு*

கவின்: மாமா, புதுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் கேம், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 போட்டாச்சுங்க. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில்தான் ஓட்டுகிறேன். மேலே ஏறிவிட்டால் நன்றாகப் போகிறது. இறக்கும்போது மட்டும் மூக்கு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே வருகிறது. ஜாய்ஸ்டிக் வாங்கலாம் என்று இருக்கிறேன். எது எடுக்கட்டுங்க?

பல்லடம் அண்ணன்: எடுப்பதென்றால் யோக் (விமானத்தின் ஸ்டீயரிங்), த்ராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைப்பது), பெடல் மூன்றையும் சேர்த்தே எடுத்துவிடு கவின். அரைகுறையாக வாங்கினால் பின்னால் மாற்ற வேண்டி வரும், காசு இரட்டிப்பாகும்.

கோபி சித்தி: பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது என்று அவன் அப்பா சொல்லியிருக்கிறார். அதற்குள் ஆகிற மாதிரி சொல்லுங்கள்.

கணபதி மாமா: மாப்பிள்ளை, முதலில் இதைச் சொல்லு. எந்த விமானம் ஓட்ட ஆசை?

கவின்: செஸ்னா 172 என்கிற குட்டி விமானம் பழகிவிட்டு ஏர்பஸ் ஏ320க்குப் போகணுங்க.

கணபதி மாமா: சரி. செஸ்னா 172, போயிங் 737, ஏடிஆர் எல்லாவற்றிலும் யோக். ஏர்பஸ்ஸில்தான் பக்கவாட்டில் ஸ்டிக். ஏ320இன் நிஜ ஸ்டிக்கே ஸ்பிரிங்கில் நடுவுக்குத் திரும்புகிற ஜாதிதான். காற்றின் அழுத்தம் கைக்குத் தெரியாது. அதனால் வீட்டில் வாங்கும் ஸ்டிக்குக்கும் அதற்கும் தூரம் குறைவு. செஸ்னாவில் அப்படி இல்லை. வேகம் கூடினால் யோக் இறுகும், குறைந்தால் தளரும். ஸ்பிரிங் போட்ட எந்த யோக்கும் அதைத் தராது. மோட்டார் வைத்துக் கைக்கு எதிர் அழுத்தம் தருகிற ஃபோர்ஸ் ஃபீட்பேக் உள்ளது வேண்டும், அது நம் பட்ஜெட்டுக்குப் பக்கத்திலேயே வராது.

பல்லடம் அண்ணன்: ஆனாலும் மாமா, செஸ்னாவை யோக்கில் ஓட்டுகிற சுகம் ஸ்டிக்கில் வராதுங்க. ஹனிகோம்ப் ஆல்ஃபா யோக் 180 டிகிரி திரும்புகிறது. இந்தப் பக்கம் தொண்ணூறு, அந்தப் பக்கம் தொண்ணூறு. நிஜம் மாதிரியே இருக்கும்.

கணபதி மாமா: உண்மைதான் தம்பி, அது நல்ல சரக்கு. காசும் இடமும் இருந்தால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் யோக்கை மேஜை விளிம்பில் இறுக்க வேண்டும், தண்டு நெஞ்சை நோக்கி நீண்டு வரும். கீபோர்டுக்கு இடம் இருக்காது. கவின், உன் மேஜைப் படம் அனுப்பு.

கவின்: 📷 படம்

கணபதி மாமா: பார்த்தாயா, கீழே கீபோர்டு ட்ரே இருக்கிறது. கிளாம்ப் உட்காராது. அதே மேஜையில்தான் காலேஜ் பாடமும் படிக்கிறாய். எடுத்து எடுத்து மாட்ட வேண்டிய சாமான் ஒரு மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும். உனக்கு ஸ்டிக்தான். தண்டைத் திருகினால், மூக்கை இடம் வலமாகத் திருப்புகிற ரட்டர் வேலை செய்கிற ட்விஸ்ட் வசதியும், அடியில் சின்ன த்ராட்டில் நெம்புகோலும் இருக்கட்டும். பெடல் பிறகு பார்க்கலாம்.

கவின்: லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ, த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் இரண்டிலும் இதெல்லாம் இருக்குங்க மாமா. என்ன வித்தியாசம்?

கணபதி மாமா: உள்ளே இருக்கிற சென்சார். முதலாவதில் பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவின் வால்யூம் திருகு இருக்கிறதே, அதே ஜாதி. கார்பன் தடத்தின் மேல் ஒரு முள் உரசிக்கொண்டே போகும். தூசியும் தேய்மானமும் சேர்ந்தால், நீ ஆட்டாமலே விமானம் தானாக உதறும். இரண்டாவதில் சாய்க்கிற இரண்டு அச்சுக்கும் ஹால் சென்சார். காந்தம் ஒரு பக்கம், சென்சார் மறுபக்கம், ஒன்றையொன்று தொடாது. தொடாதது தேயாது. கைப்பிடியின் துண்டுகளைக் கழற்றி மாட்டி இடது கைக்கும் ஆக்கிக்கொள்ளலாம்.

கோபி சித்தி: அவன் வலது கைக்காரன்தானே அண்ணா?

கணபதி மாமா: ஏ320இல் கேப்டன் இடது இருக்கையில் உட்கார்ந்து இடது கையில்தான் ஸ்டிக் பிடிக்கிறார். வலது கை த்ராட்டிலுக்கு. வீட்டில் அந்த வலது கையில் மவுஸ் இருக்கும், காக்பிட் திருகுகளை எல்லாம் அதால்தான் திருப்ப வேண்டும். வலது கையில் ஸ்டிக் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டு மவுஸுக்குத் தாவணும். முதல் வாரம் இடது கை திணறும், அப்புறம் அதுவே வழியாகிவிடும்.

கோபி சித்தி: அப்படியானால் ஹால் சென்சார் உள்ளதையே எடு சாமி. கொஞ்சம் கூட வந்தால் நான் போட்டுக்கொள்கிறேன், உன் அப்பாவிடம் நான் பேசுகிறேன்.

கவின்: 🙏🙏 சித்தி!

கணபதி மாமா: வந்தவுடன் பறக்கப் போகாதே. விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் டெஸ்ட் பக்கத்தைத் திற. ஒரு சின்னக் கூட்டல் குறி தெரியும். கையை எடுத்துவிட்டால் அது நடுவில் அசையாமல் நிற்கணும். ஸ்டிக்கை மெதுவாக மூலைக்கு மூலை கொண்டு போ, குறியும் கூடவே போகணும், எங்கேயும் குதிக்கக் கூடாது. குதித்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடு.

அப்புறம் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைக் கழற்றிவிடு. இரண்டும் செருகியிருந்தால் சிமுலேட்டர் ஒரே வேலையை இரண்டுக்கும் ஒதுக்கிவிடும், இது இழுக்க அது தள்ளும்.

*ஆடி மாதம், ஞாயிறு காலை*

கவின்: மாமா, ஸ்டிக் நன்றாகப் பழகிவிட்டதுங்க. இடது கைதான். ஆனால் வலது பக்கம் திரும்பும்போது, திருப்பம் சரியா என்று காட்டுகிற மீட்டரில் பந்து ஒரு பக்கம் ஓடுகிறது, ரட்டரைத் தொடவே இல்லை.

கணபதி மாமா: தொடுகிறாய், உனக்குத் தெரியவில்லை. ஸ்டிக்கைச் சாய்க்கும்போது மணிக்கட்டு கூடவே கொஞ்சம் திருகும். ட்விஸ்ட் அச்சுக்கு மட்டும் டெட் ஸோன் கொஞ்சம் கூட்டு, அந்தச் சின்னத் திருகலைக் கண்டுகொள்ளாது. சாய்க்கிற அச்சுகளுக்கு டெட் ஸோன் வேண்டாம். அவற்றின் சென்சிட்டிவிட்டியை மைனஸ் பக்கம் கொண்டு போ, நடுவில் மென்மையாகும். முன்பு எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் மூக்கு ஆடியதற்கும் இதுதான் காரணம். கட்டைவிரல் அசைகிற துளி தூரத்துக்குள், மூக்கை ஏற்றி இறக்குகிற எலிவேட்டரின் முழு அசைவும் அடைபட்டிருந்தது. ஒரு தடவை வைத்துவிட்டால் பத்து நாளைக்குத் தொடாதே. தினமும் மாற்றினால் கை எதைத்தான் கற்றுக்கொள்ளும்?

கவின்: சரிங்க. ட்ரிம்தான் இன்னும் பிடிபடவில்லை.

கணபதி மாமா: அது செஸ்னாவில்தான் நாமே செய்ய வேண்டியது, ஏ320இல் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். அதனால்தான் செஸ்னாவை விடாதே என்கிறேன். மட்டமாகப் பறக்கிறாய், மூக்கு இறங்காமல் இருக்க ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கிறாய் என்று வை. ட்ரிம் பட்டனைத் தட்டித் தட்டி மூக்கைத் தூக்கவிடு. தூக்கத் தூக்க, கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. ஸ்டிக் நடுவுக்கு வந்து, கையை எடுத்தாலும் உயரம் மாறாமல் நின்றால் ட்ரிம் சரி. உயரத்தை மாற்றுவதற்கு ட்ரிம்மைப் பயன்படுத்தாதே. ஸ்டிக்கால் மாற்று, ட்ரிம்மால் கையின் பாரத்தை இறக்கு. இது வந்துவிட்டால் இறங்குவது பாதி வந்த மாதிரி.

கவின்: நேற்று நிஜ வானிலையை அப்படியே கொண்டு வருகிற லைவ் வெதர் போட்டு நம் கோயம்புத்தூரிலேயே 23ஆம் ரன்வேயில் இறங்கிப் பார்த்தேன். பீளமேடு எல்லாம் தெரிகிறது! ஆனால் காற்று இடது பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனது.

பொள்ளாச்சி அப்புச்சி: ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் கண்ணு. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து நேரே இங்கேதான் வரும். தோட்டத்தில் தென்னை எல்லாம் கிழக்கே சாய்ந்து நிற்கிறது.

கணபதி மாமா: அப்பா சொல்வதுதான். மாப்பிள்ளை, 23 என்றால் 230 டிகிரி, தென்மேற்கு முகம். காற்று நேர் மேற்கிலிருந்து, 270இலிருந்து வந்தால் 40 டிகிரி வலப்பக்கம். 20 நாட் வேகக் காற்றுக்குக் குறுக்கே ஏறக்குறைய 13 நாட். செஸ்னா 172 சோதனையில் இறங்கிக் காட்டிய குறுக்குக் காற்று 15 நாட்தான், ஆகவே நீ எல்லைக்குப் பக்கத்தில் பழகுகிறாய். வலது இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தி, இடது ரட்டர் கொடு. தரைக்கு வந்த பிறகும் ஸ்டிக்கை வலது பக்கமே வைத்திரு. இன்னொன்று, அல்டிமீட்டர் கடல் மட்டத்திலிருந்து உயரம் காட்டுவது, அங்கே தரையிலேயே 1,300 அடிக்கு மேல் காட்டும். அதைக் கழித்துப் பார்.

கவின்: வலது இறக்கை, இடது ரட்டர், இரண்டும் ஒரே கையில் எதிரும் புதிருமாக வருதுங்க மாமா.

கணபதி மாமா: அந்த இடத்தில்தான் பெடல் வேண்டும். ட்விஸ்ட்டால் முடியாது என்றில்லை, ஆனால் சாய்ப்பதைக் கையும் திருப்புவதைக் காலும் பிரித்துக்கொண்டால் மனசு தெளியும். செஸ்னா ஓடி ஏறும்போது மூக்கு இடது பக்கம் இழுக்கும், அப்போதும் வலது கால்தான் கைகொடுக்கும். தீபாவளிக்குப் பார்க்கலாம்.

பல்லடம் அண்ணன்: என் பழைய பெடல் சும்மாதான் கிடக்கிறது கவின். அடுத்த வாரம் கொண்டு வந்து தருகிறேன், அதில் பழகு.

கோபி சித்தி: நல்லதாப் போச்சு. அவன் நாற்காலியில் சக்கரம் இருக்கிறதே, காலால் மிதித்தால் பின்னால் ஓடாதா?

கணபதி மாமா: ஓடும். பட்டறையில் ஒரு பலகை அடித்துத் தருகிறேன். முன்பக்கம் பெடலை முடுக்கிவிடலாம், பின்பக்கம் சக்கரம் உட்கார இரண்டு குழி. பெடலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று உட்கார்ந்து அளந்து அனுப்பு மாப்பிள்ளை, முழங்கால் கொஞ்சம் மடங்கின வாக்கில்.

கவின்: இப்போதே அளக்கிறேங்க மாமா.