அப்பத்தா முழங்காலுக்கு அக்குபங்சர்: கொண்டுபோகலாமா?

கானாடுகாத்தான்காரி:
அப்பத்தாவுக்கு 74 வயது. முழங்கால் தேய்மானம். எங்கள் வீட்டில் முகப்பிலிருந்து அடுப்படி போவதற்குள் மூன்று கட்டு, கட்டுக்கு ஒரு படி. வளவுத் தூணைப் பிடித்து மூச்சு வாங்கிய பிறகுதான் அடுத்த படி. காரைக்குடியில் ஒருவர் பத்துத் தடவை ஊசி குத்தினால் சரியாகும் என்கிறார். கூடவே பெயர் ஒட்டாத சீன மூலிகைப் பொடி வேறு! "ஊசிதானே, குத்தட்டும்" என்கிறார் அப்பத்தா. எனக்குத்தான் தயக்கம்.

தேவகோட்டை பிசியோ:
ஜெர்மனியில் சுமார் 1,000 முழங்கால் நோயாளிகளிடம் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். முறைப்படி குத்தியதில் 53 சதவீதம் பேருக்குத் தேறியது. அக்குபங்சரில் சொல்கிற ஊசிப் புள்ளியே இல்லாத இடத்தில், பெயருக்கு மேலாகக் குத்தியதில் (போலி ஊசி) 51. வழக்கமான வைத்தியத்தில் 29. புள்ளி எங்கே என்பது பெரிய விஷயமாகத் தெரியவில்லை! 2018இல் முழங்கால் மட்டுமல்லாமல் பலவகை நாள்பட்ட வலி உள்ள 20,000 பேருக்கு மேல் தரவு சேர்த்துப் பார்த்தபோது, போலி ஊசியைவிடக் கொஞ்சம் கூடுதல் பலன் இருந்தது. வலி குறையலாம், தேய்ந்தது வளராது. தொடைப் பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

ரெண்டாங்கட்டு:
முதலில் பொடியைத் தூக்கிப் போடுங்கள் ஆச்சி. 1990களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த சீன மூலிகையில் அரிஸ்டோலோகியா என்ற நச்சுச் செடி கலந்து, பலருக்குச் சிறுநீரகமே போனது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியென்றால் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசியலாம்.

கானாடுகாத்தான்காரி:
ஆமாம், சாப்பிடுகிறார். ஊசிக்காரரிடம் சொல்லவே இல்லை! முதலில் டாக்டரிடம் கேட்கிறேன். பொடி குப்பைக்குப் போயாச்சு. கைத்தடி வாங்கலாமென்றால், "தூண் இருக்கே" என்கிறார்.