மொத மேட்ச்லயே 3-0: கோயம்புத்தூர்ல அன்னைக்கு நாம போட்ட சண்டை

கணபதி பட்டறைக்காரன்

என்ற அக்கா பையன் ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரியறானுங்க. என்னடான்னா, அவன் கும்பிடற இங்கிலாந்து ஃபுட்பால் கிளப்பு டீமு சீசன் ஆரம்பிச்சதும் ஆரம்பிக்காததுமா தோத்துப் போச்சாமா. கோச்ச மாத்தோணும், கீப்பர வித்துப்போடோணும்னு ராத்திரி பூரா ஃபோன்ல யார்கூடவோ மல்லுக்கட்டறான். "38 மேட்ச்ல ஒண்ணுதானடா போச்சு"ன்னேன். "உங்களுக்கு என்ன மாமா தெரியும்"னுட்டான்.

எனக்கா தெரியாது! 2017 நவம்பர் 29 அன்னைக்கு நான் பட்ட பாடு அவனுக்கு எங்க தெரியப்போகுது. ஞாபகம் இருக்கறவங்க எழுதுங்க. நேர்ல பாத்தது, சண்டை போட்டது, எதுவானாலும் செரி.

தெரியாதவங்களுக்குச் சித்தெ சொல்லிர்றேன். சென்னை சிட்டி எஃப்சின்னு ஒரு டீமு. ஐ-லீக்குங்கற இந்திய ஃபுட்பால் லீக்ல ஆடிட்டு இருந்தாங்க. 2017-18 சீசனுக்கு நம்ம நேரு ஸ்டேடியத்தச் சொந்த மைதானமா வெச்சுட்டு இங்க வந்தாங்க. பேரு சென்னை, ஊரு கோயமுத்தூரு. மொத மேட்ச் கோவாவுல, இந்தியன் ஆரோஸ் கூட. ஆரோஸ்ல ஆடுனவங்கள்ல முக்காவாசி அப்பத்தான் 17 வயசுக்குட்பட்டோர் உலகக்கோப்பை ஆடிட்டு வந்த பசங்க. வெளிநாட்டு ஆளு ஒருத்தரு கெடையாது. செரி, ஈசியா முடிச்சுருவாங்கன்னு நான் ஃபோனத் தொறந்து வெச்சுட்டு உக்காந்தேன்.

3-0. அனிகேத் ஜாதவ் ரெண்டு, போரிஸ் சிங் ஒண்ணு. நம்ம பக்கம் சைபர்.

அடுத்த நாள் காலைல டீ டைம். எங்க பட்டறைக்கு எதுத்தாப்ல பேக்கரி. நான், கோர் ஷாப்புல இருக்கற பாலக்காட்டுச் சேட்டன், லேத்து ஓட்டற மாமா, மூணு பேரு. மாமாவுக்குக் கபடி தெரியும், வாலிபால் தெரியும், ஃபுட்பால்னா பந்து உருண்டைங்கறது வரைக்கும் தெரியும். நான் பொலம்பறதப் பாத்துட்டுக் கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி: "ஏந்தம்பி, அது மெட்ராஸ் டீமுங்கற, ஆடுறது நம்மூர்லங்கற, தோத்தது கோவாலங்கற. இதுல உனக்கு எங்க வலிக்குது?"

பதில் சொல்லத் தெரியல எனக்கு. சேட்டனுக்கு ஒரே சிரிப்பு. அவரு சின்ன வயசுல செவன்ஸ், அதான் பக்கத்துக்கு ஏழு பேரு ஆடற ஃபுட்பால், ஆடுனவரு. "பிள்ளைங்க ஓடினாங்க, உங்க ஆளுங்க நின்னாங்க, அவ்வளவுதான் விஷயம்"னாரு. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. நின்னாங்கன்னு எப்படிச் சொல்லலாம், டீமே இப்பத்தான் ஊரு மாறி வந்துருக்கு, ஒருத்தன் பாஸ் எங்க வருதுன்னு இன்னொருத்தனுக்குப் பிடிபடறதுக்கு நாளாகும்னு நான் ஒரு பக்கம். அதெல்லாம் சாக்கு, சம்பளம் வாங்கற ஆளு பள்ளிக்கூடப் பையன்கிட்டத் தோக்கலாமான்னு அவரு ஒரு பக்கம். தேங்காய் பன்னு அப்படியே ஆறிப்போச்சு. கடைசில சூப்பர்வைசரு வெளிய வந்து நின்னதுக்கு அப்பறந்தான் எந்திரிச்சோம். எந்திரிக்கறப்ப மாமா சொல்றாரு, "அதென்னமோ, நம்ம பசங்க இன்னுங் கொஞ்சம் ஓடியிருக்கலாம்."

நம்ம பசங்களாமா! அரை மணி நேரத்துக்கு முன்னால மெட்ராஸ் டீமுன்னவரு.


போத்தனூர் ஸ்டாப்பர்

ண்ணா, உங்க சேட்டன் சொன்னதுல பாதி சரி. பசங்க ஓடினாங்க. ஆனா அவங்களப் பள்ளிக்கூடப் பையன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

நான் ரயில்வே காலனில வளந்தவன். எங்க பக்கம் பந்து உதைக்காத வீடு கம்மி. பத்து வருசம் ஸ்டாப்பர் பேக்கா, அதாவது நம்ம கோலுக்கு முன்னால நின்னு தடுக்கற ஆளா, ஆடியிருக்கேன், அதனால டிஃபென்ஸ் பத்திப் பேச எனக்குச் சித்தெ உரிமை உண்டுன்னு நெனைக்கறேன். அந்த உலகக்கோப்பை 2017 அக்டோபர்ல நம்ம நாட்டுலயே நடந்துச்சு. இந்தியா டெல்லில மூணு மேட்ச்சும் தோத்துச்சு: அமெரிக்காகிட்ட 3-0, கொலம்பியாகிட்ட 2-1, கானாகிட்ட 4-0. ஸ்கோர மட்டும் பாத்தா வெறுந்தோல்வி. கொலம்பியா மேட்ச்சுல ஜீக்சன் சிங் கார்னர்ல தலையில முட்டி ஒரு கோல் போட்டாரே, ஃபிஃபா உலகக்கோப்பைல இந்தியாவோட மொதக் கோலே அதுதான். அந்தப் பசங்க வருசக்கணக்கா ஒரே கேம்ப்புல, ஒரே சாப்பாடு, ஒரே ட்ரில். கண்ண மூடிட்டுப் பாஸ் கொடுப்பாங்க. கானாக்காரன் ஓட்டத்தத் தாங்குனவனுக்கு நம்ம ஐ-லீக் டிஃபென்ஸெல்லாம் எம்மாத்திரம்?

நான் அன்னைக்குச் சண்டை போட்டது எங்க அப்பாகூட. அவரும் ஸ்டாப்பரு. "எதிராளி சின்னப் பையன்னு நெனைச்ச டிஃபென்டர் அரையடி தள்ளி நிப்பான், அந்த அரையடிலதான் கோல் விழும்"னாரு. நான் மிட்ஃபீல்டுமேல பழியப் போட்டேன். ரெண்டு பேரும் மேசைல உப்பு டப்பா, ஊறுகா பாட்டில், டம்ளரெல்லாம் வெச்சு ஆட்டத்தத் திருப்பி ஆடிப் பாத்தோம். ஊறுகா பாட்டில்தான் நம்ம கீப்பரு. அம்மா வந்து கீப்பரத் தூக்கிட்டுப் போனதோட மேட்ச் முடிஞ்சுது.


சோமனூர்த் தறி

எல்லாரும் நியாயம் பேசறீங்க. நான் பேச மாட்டேன். தோல்வின்னா தோல்வி.

எங்க குடோன்ல தறி ஓடற சத்தத்துல பக்கத்துல நிக்கறவன் பேசறதே கேக்காது, கமெண்ட்ரி எங்க கேக்கறது. ஃபோன ஊடைத் தார்ப்பெட்டி மேல சாத்தி வெச்சுட்டு, நூல் அறுந்தா ஒரு கண்ணு அங்க, கோல் விழுந்தா ஒரு கண்ணு இங்கன்னு பாத்தேன். அன்னைக்கு நூலு அறுந்தத விடக் கோல்தான் வேதனை.

"மொத மேட்ச்தான, போகப்போகச் சரியாகும்"னு எல்லாரும் சொன்னாங்க. என்ன சரியாச்சு? அந்த சீசன் முடியறப்ப 10 டீம்ல 8வது எடம். பிப்ரவரில கொல்கத்தா போயி ஈஸ்ட் பெங்கால்கிட்ட 7-1. அவங்க ஆளு டுடு ஒருத்தரே நாலு கோல். ஊறுகா பாட்டில வெச்சுருந்தாக் கூட ரெண்டு தடுத்துருக்கும். நவம்பர்ல தெரிஞ்ச ஓட்டைய அப்பவே அடைக்கோணும்னு சொன்னவங்களை "பொறுமை இல்லாதவன்"னீங்க. நான் இன்னும் அதே எடத்துலதான் நிக்கறேன்.


வாளையாருக்கு அக்கட்ட

எனக்கு அம்மா வீடு பாலக்காடு, அப்பா வீடு பொள்ளாச்சி. அதனால ரெண்டு பக்கமும் திட்டு வாங்கறவன். அன்னைக்கு எங்க மாமன் பசங்க ஃபோன் பண்ணி, "தமிழ்நாட்டுல எப்ப ஃபுட்பால் ஆரம்பிக்கப் போறீங்க"ன்னு கேட்டாங்க. நான் ஃபோனை வெச்சுட்டேன். அவ்வளவுதான் என்ற அனுபவம்.


போத்தனூர் ஸ்டாப்பர்

சோமனூர்க்காரரே, 8வது எடம் வாஸ்தவம். 7-1ம் வாஸ்தவம். ஆனா நீங்க கதைய அங்கயே நிறுத்துனா எப்படிங்க?

2018 அக்டோபர் 26. அடுத்த சீசனோட மொத மேட்ச். எதிராளி யாரு? அதே இந்தியன் ஆரோஸ். எடம் நம்ம நேரு ஸ்டேடியம். அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். அந்த ஸ்டேடியத்துல ஒரு சங்கதி கவனிச்சுருப்பீங்க. மைதானத்தச் சுத்தி ஓட்டப் பந்தய ட்ராக்கு. கேலரில இருந்து பந்து தூரம். பந்து காலுல பட்டுக் கண்ணிமைக்கற நேரம் கழிச்சுத்தான் அந்த 'தொப்'பு காதுக்கு வரும். அப்பாவுக்கு அது புடிக்கல. "கிட்ட இருந்தாத்தானடா திட்டுனா அவனுக்குக் கேக்கும்"னாரு.

திட்டறதுக்கு வாய்ப்பே வரல. 4-1. பெட்ரோ மான்சி ஹாட்ரிக். ஸ்பெயின்ல கீழ் டிவிஷன்ல ஆடிட்டு இருந்தவரு, பொறந்தது உருகுவே. அக்பர் நவாஸ்னு சிங்கப்பூர் கோச். பந்தத் தூக்கிக் கண்ட பக்கம் அடிக்கறதில்ல, பின்னால இருந்தே தரையோட தரையாப் பாஸ் போட்டு எடுத்துட்டு வரச் சொல்லுவாரு. பழைய காலத்து ஸ்டாப்பரான எங்க அப்பாவுக்கு அது நெஞ்சு வலி. நம்ம கோல் பக்கத்துல பந்து சுத்தறப்பெல்லாம் "அடிச்சுத் தொலைடா வெளிய"ன்னு கத்திட்டே இருந்தாரு. பக்கத்துல இருந்த பசங்க திரும்பித் திரும்பிச் சிரிச்சாங்க. மூணாவது கோலுக்கு அப்பறம் கத்தறத நிறுத்திட்டாரு. திரும்பி வர்றப்ப வண்டில பின்னால உக்காந்துட்டு, "கோச்சுக்குத் தைரியம் ஜாஸ்தி"ன்னு மட்டும் சொன்னாரு. பாராட்டா, புகாரான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

நவாஸ் வர்றதுக்கும், மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவான்னு அந்த ஸ்பெயின் கும்பல் வர்றதுக்கும் அந்த 8வது எடம்தான் காரணம்னு என்ற கணக்கு. நிரூபிக்கச் சொன்னா முடியாது.


கோபிக்காரி

நான் 2017 சண்டைல கலந்துக்கல. அப்ப எனக்கு ஃபுட்பாலே தெரியாதுங்க. ஆனா அந்தச் சண்டை எனக்குப் பின்னாடி சீட்ல நடந்துச்சு, அதைச் சொல்றேன்.

பீளமேட்டுல ஹாஸ்டல்ல இருந்தேன். 2019 மார்ச் 9, சனிக்கிழமை. சென்னை சிட்டி ஜெயிச்சா லீக் சாம்பியன். ரூம்மேட் இழுத்துட்டுப் போயிட்டா. எதிராளி மினர்வா பஞ்சாப், போன வருச சாம்பியன். அங்க கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்காலும் கோகுலமும் அதே நேரத்துக்கு ஆடுறாங்க. ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளிதான் பின்னாடி. எனக்கு அதெல்லாம் ரூம்மேட் பஸ்ஸுல வகுப்பெடுத்தா.

உக்காந்து பையைக்கூட வெக்கல. மூணாவது நிமிசத்துலயே மினர்வா கோல். ஸ்டேடியம் அப்படியே ஊமையாப் போச்சு. பின்னாடி ஒருத்தர், "அன்னைக்குக் கோவாலயே சொன்னேன், கேட்டீங்களா? தூங்கறானுக"ன்னாரு. பக்கத்துல இருந்தவர், "அந்த டீம் வேற, இந்த டீம் வேறங்க"ன்னாரு. "சட்டை அதேதான?" "சட்டையா கோல் வாங்குது?" இப்படியே போச்சு. எனக்கு ஒரு மண்ணும் புரியல. கோவால யாருக்கு என்ன ஆச்சுன்னு ரூம்மேட்டைக் கேட்டேன். "சும்மா இரு"ன்னுட்டா. நகத்தைக் கடிச்சுட்டு இருந்தா பாவம்.

ஹாஃப் டைம் வரைக்கும் 0-1. எல்லார் கையிலயும் ஃபோன், எல்லார் கண்ணும் கோழிக்கோட்டுல. அப்பறம் மான்சி பெனால்டில சமம் பண்ணார். அந்த சீசன்ல அது அவரோட 21வது கோலாம். அதுக்கப்பறம் கௌரவ் போரான்னு ஒருத்தர் ஒரு கோல். யாருடா இதுன்னா, டிஃபென்டர்! கடைசில இஞ்சுரி டைம்ல இன்னொன்னு, அதுவும் அவரே. 3-1. கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்கால் 2-1னு ஜெயிச்சும் பிரயோஜனமில்லாமப் போச்சு. 43 புள்ளி நமக்கு, 42 அவங்களுக்கு.

திரும்பிப் பாத்தேன். பின்னாடி திட்டிட்டிருந்தவர் அழுதுட்டு இருந்தார். சமாதானம் சொன்னவர் அவர் தோளைத் தட்டிட்டே, "ஆனாலும் மூணாவது நிமிசத்துல அப்படி விட்டிருக்கக் கூடாது"ன்னு சொல்றார்! இடம் மாத்தி உக்காந்துட்டாங்களோன்னு எனக்குச் சந்தேகம்.

ஹாஸ்டலுக்கு லேட். வார்டன்கிட்ட வாங்குனதைத் தனியா ஒரு பதிவாப் போடலாம்.


சோமனூர்த் தறி

அம்மிணி, அழுதவரு நெட்டையா, கழுத்துல பச்சைத் துண்டா? அப்படின்னா அது எங்க குடோன்காரரு. சனிக்கிழமை சம்பள நாளு. அன்னைக்கு ஆறு மணிக்கு வரவேண்டிய கூலி ஒம்பதரைக்குத்தான் வந்துச்சு. ஏன்னு இப்பத்தான் தெரியுது.

இருந்தாலும் 7-1ஐ நான் மறக்கமாட்டேன்.


கோபிக்காரி

பச்சைத் துண்டேதாங்க!


கணபதி பட்டறைக்காரன்

இத்தனை பேரு வருவீங்கன்னு எதிர்பாக்கலீங்க. அக்கா பையனுக்கு எல்லாத்தையும் படிச்சுக் காட்டுனேன். "அந்த டீம் இப்ப எங்க மாமா?"ன்னு கேட்டான். மான்சி 2020 ஜனவரில ஜப்பானுக்குப் போயிட்டாரு. அந்த மார்ச்சுல கொரோனா வந்து லீக்கையே பாதில நிறுத்திட்டாங்க. அடுத்த சீசன் பூரா மேற்கு வங்காளத்துலயே நடந்துச்சு, அதோட அந்தப் பேர ஐ-லீக்ல காணோம். நேரு ஸ்டேடியம் பக்கம் போனா இப்பக் காலைல வாக்கிங் போறவங்க இருக்காங்க. அதுக்கு மேல அவன்கிட்ட என்ன சொல்ல.

லேத்து மாமா கதைய முடிக்காம விட்டுட்டேன். அவரு ரிட்டையர் ஆயி இப்ப அவிநாசி பக்கம் தோட்டத்துல இருக்காரு. போன பொங்கலுக்குப் பாக்கப் போயிருந்தேன். கட்டுத்தரைல மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தவரு, நலம் விசாரிக்கறதுக்கு முன்னாலயே கேக்கறாரு: "ஏந்தம்பி, கோவா மேட்ச்சுல அந்த ரெண்டாவது கோலு, கீப்பரு ரெண்டு எட்டு முன்னால வந்துருந்தாத் தடுத்துருக்கலாமல்ல?"

அவரு அந்த மேட்ச்சப் பாக்கவே இல்லீங்க. நானுந்தான் அந்தக் கோல் எப்படி விழுந்துச்சுன்னு மறந்துட்டேன். "அதெப்படிங் மாமா, வந்துருந்தாத் தலைக்கு மேல போட்டுருப்பான்"னேன். வாளியக் கீழ வெச்சுட்டாரு. மத்தியானச் சோத்துக்குக் கூப்படற வரைக்கும் அங்கதான் நின்னுட்டு இருந்தோம்.