மறு: மெஷ் வைஃபையில் ‘பேக்ஹால்’: தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

> பேக் என்றால் பின், ஹால் என்றால் இழுப்பு. ‘பின்னிழுப்பு’ என்று வைத்துவிடலாம். கையேடு அச்சுக்குப் போக வேண்டும், விரைவில் முடிவு சொல்லுங்கள்.

அவசரம் புரிகிறது ஐயா. வீட்டில் அங்கங்கே வைக்கும் பல வைஃபை பெட்டிகள் (கணுக்கள்) ஒரே வலையாக இயங்குவதுதான் மெஷ்; அதில் ஒரு கணுவை, இணையம் வந்து சேரும் முதன்மைத் திசைவியோடு (ரௌட்டர்) சேர்க்கும் இணைப்பே பேக்ஹால். ஆனால் ‘பின்னிழுப்பு’ என்று கையேட்டில் அச்சேறினால், படிப்பவர் அதை முதுகுப் பிடிப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் இது சரக்குப் போக்குவரத்தில் பிறந்த சொல். சரக்கை இறக்கிய லாரி வெறுமனே திரும்பாமல் ஏற்றிவரும் சுமைக்கு அந்தப் பெயர். கைபேசிக் கோபுரத்தை நிலையத்தோடு சேர்க்கும் இணைப்புக்குத் தொலைத்தொடர்புத் துறை அதை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து அது வீட்டு வைஃபைக்கு வந்து சேர்ந்தது. நம் வீட்டில் லாரியும் இல்லை, இழுப்பும் இல்லை. சொல்லைப் பிளந்து பாதி பாதியாகப் பெயர்ப்பதில் பொருள் எங்கோ நின்றுவிடுகிறது.

இந்தச் சொல் எந்த இடத்தில் தேவைப்படுகிறது என்பதை முதலில் பார்ப்போம். ‘போனில் கோடு முழுதாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் ஓடவில்லை’ என்பது உதவி கேட்டு வருபவர்கள் அடிக்கடி சொல்வது. கோளாறு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. போனில் தெரியும் கோடுகள், போனுக்கும் பக்கத்திலிருக்கும் கணுவுக்கும் இடையிலுள்ள நிலையை மட்டுமே காட்டும். அந்தக் கணு முதன்மைத் திசைவியோடு எப்படிப் பேசிக்கொண்டிருக்கிறது என்பது போனுக்குத் தெரியாது. தெரியாததால் காட்டாது. காட்டாததால் வீட்டுக்காரர் அப்படி ஓர் இணைப்பு இருப்பதையே அறியமாட்டார்.

கும்பகோணத்தில் உறவினர் வீடு ஒன்று. அகலம் குறைவு, நீளம் அதிகம். ஒன்றன்பின் ஒன்றாக அறைகள், நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள். ஃபைபர் பெட்டி வாசலை ஒட்டிய அறையில். இணைய வேகம் கடைசிவரை எட்டவில்லை என்று மூன்று கணுக்கள் கொண்ட மெஷ் தொகுதியை வாங்கி, ஒன்றை வாசலிலும் ஒன்றைக் கூடத்து இரும்பு பீரோவின் பின்னாலும், மூன்றாவதைச் சமையலறைக் குளிர்பதனப் பெட்டியின் தலையிலும் வைத்திருந்தார்கள். சமையலறையில் போனைப் பிடித்தால் கோடுகள் முழுதாக நிற்கும், காணொளி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். விற்ற கடையில் கேட்டதற்கு ‘இன்னொரு கணு போடுங்கள்’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

மெஷ் செயலியைத் திறந்து பார்த்தால் விவரம் தெரிந்தது. சமையலறைக் கணுவுக்குக் கூடத்துக் கணுவிலிருந்து கிடைத்த அலைவலிமை −80 டிபிஎம் (அலைவலிமையை அளக்கும் அலகு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்). அது −65-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, −70-க்குக் கீழே இறங்கினால் தள்ளாட்டம் தொடங்கும். மேலும் அந்தத் தொகுதியில், கணுக்கள் தங்களுக்குள் பேசுவதற்குத் தனி ரேடியோ கிடையாது. போனிடமிருந்து வாங்கியதை அதே ரேடியோவில், அதே தடத்தில் (சேனல்) அடுத்த கணுவுக்குக் கடத்த வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டும் முடியாது என்பதால் தாவலுக்குத் தாவல் (ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு முறையும்) வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. நான்காவது கணு போட்டிருந்தால் இன்னும் ஒரு பாதி போயிருக்கும்.

செய்தது இவ்வளவுதான்: மூன்றாவது கணுவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தோம். கூடத்துக் கணுவைப் பீரோவின் பின்னாலிருந்து எடுத்து, வாசலறைக் கதவுக்கு நேராகத் தெரியும் அலமாரியில் வைத்தோம். ஃபைபர் பெட்டி தன் பங்குக்குத் தனியாக வீசிக்கொண்டிருந்த வைஃபையை அணைத்தோம். கணுக்கள் குறைந்த பிறகுதான் வீடு ஒழுங்காக இயங்கியது.

அதே தெருவில் இன்னொரு வீட்டில் கணுக்களுக்கு இடையே கம்பியே இழுத்திருந்தார்கள், ஆனாலும் 100 மெகாபிட்டைத் தாண்டவில்லை. முனையில் எட்டு இழைகளுக்குப் பதில் நான்கை மட்டும் கோத்திருந்தார்கள். கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். வேறொரு வகைக் கோளாறும் உண்டு: 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள தடங்களில் ரேடார் அலை தென்பட்டால் திசைவி உடனே அங்கிருந்து விலகியாக வேண்டும், அதே வரிசையில் வேறு தடத்துக்குப் போனால் குறைந்தது 60 விநாடி காதுகொடுத்துக் கேட்ட பிறகே பேசலாம். ரேடார் என்று தவறாக எண்ணிக்கொண்டும் விலகும். அப்போது வீடு முழுதும் ஒன்றாக அறுந்து, தானே திரும்பி வரும். தடத்தை 36–48-க்குள் நிறுத்தினால் அந்தத் தொல்லை தீரும்.

கம்பியோ காற்றோ, இந்தக் கோளாறுகள் எல்லாம் ஒரே இடத்தில் நிகழ்கின்றன. அந்த இடத்துக்குத்தான் நமக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால்தான் கடைக்காரர் ‘இன்னொன்று போடுங்கள்’ என்று சொல்லித் தப்பிவிடுகிறார்.

என் பரிந்துரை: வரத்துக்கால். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய்க்கு (ஏரிக்கு) தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்க்கு இந்தப் பெயர். வரத்துக்கால் தூர்ந்துபோன கண்மாயில் மடையை எத்தனை அகலமாகத் திறந்தாலும் வயலுக்கு ஒன்றும் வராது என்பதை அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

– – –

மறு: மறு: மெஷ் வைஃபையில் ‘பேக்ஹால்’

வணக்கம் அண்ணா,

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ‘பின்னிழுப்பு’ வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. ‘வரத்துக்கால்’ அழகாக இருக்கிறது, ஆனால் இரண்டு தடைகள். எங்களிடம் கண்மாய் இல்லை, குளம்தான். அதற்குத் தண்ணீர் வரும் வழியை வாய்க்கால் என்போம். கொழும்பில் அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளைக்கு ‘கால்’ என்றால் உடம்பின் கால்தான். இரண்டாவது, வரத்து என்பது ஒரு திசை. காணொளி அழைப்பில் நம் முகமும் அதே வழியாகத்தானே வெளியே போகிறது?

‘கணுத்தொடுப்பு’ பொருந்துமா? ‘லிங்க்’ என்பதற்குத் தொடுப்பு என்று இங்கே பல காலமாக எழுதி வருகிறோம்.

– – –

மறு: மறு: மறு: மெஷ் வைஃபையில் ‘பேக்ஹால்’

அன்புள்ள தங்கைக்கு,

தொடுப்பு நல்ல சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு ஊரறிந்த இன்னொரு பொருள் உண்டு. ‘வரவேற்பறைத் திசைவிக்கும் படுக்கையறைக் கணுவுக்கும் தொடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்’ என்று குடும்பத்தினர் படிக்கும் கையேட்டில் எழுத எனக்குத் துணிவில்லை.

‘கணு’ என்று தொடங்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. போன் கணுவோடு சேர்வதும் கணு இணைப்புதானே? நாம் பிரித்துக் காட்ட வேண்டிய இரண்டையும் அது மறுபடி ஒன்றாக்கிவிடும்.

திசை பற்றிய தடை நியாயமானது. ஆனால் லாரியின் திரும்புசுமையும் ஒரு திசைதான். அதை வைத்துக்கொண்டு இரு திசைக்கும் உலகமே பழகிவிட்டது. வீட்டுப் பயன்பாட்டில் பெரும்பகுதி உள்ளே வருவதுதான் என்பதால், வரத்து என்ற சொல்லை விட மனமில்லை. சந்தைக்குக் காய்கறி வரத்து, அணைக்கு நீர்வரத்து என்று நாளிதழ் படிக்கும் எவருக்கும் தெரிந்த சொல் அது, கண்மாய் பார்த்திருக்க வேண்டியதில்லை. ‘கால்’ என்பதை விட்டுவிட்டு ‘வரத்திணைப்பு’ என்று வைத்தால் உங்கள் முதல் தடையும் போகிறது. கம்பியில் போனால் கம்பி வரத்திணைப்பு, காற்றில் போனால் கம்பியில்லா வரத்திணைப்பு. போனுக்கும் கணுவுக்கும் இடைப்பட்டதைக் கருவியிணைப்பு என்று இணைச்சொல்லாக வைக்கலாம்.

கையேட்டின் கோளாறறியும் பக்கத்தில் சேர்க்க நான் எழுதிய வரைவு:

‘முதன்மைத் திசைவியின் அருகில் நின்று வேகத்தை அளக்கவும். பிறகு கணுவின் அருகில் நின்று அளக்கவும். இரண்டிலும் வேகம் குறைந்தால் இணைய நிறுவனத்தை அழைக்கவும். கணுவின் அருகில் மட்டும் பெரிதும் குறைந்தால் வரத்திணைப்பு நலிந்திருக்கிறது: புதிய கணு வாங்காமல், இருப்பதைத் திசைவிக்கு நெருக்கமாக நகர்த்தவும். கணுவுக்குப் பக்கத்தில் வேகம் சரியாக இருந்து, நடமாடும்போது மட்டும் அறுந்தால் சிக்கல் கருவியிணைப்பில்: போன் பழைய கணுவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். எப்போது மாறுவது என்பதை இறுதியாகப் போன்தான் முடிவு செய்கிறது. வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கவும்.’

அச்சுக்கு அவசரப்படும் ஐயா இதைப் பார்த்து ஒரு வரி எழுதினால் போதும். ‘மெஷ்’ என்பதை அப்படியே விடலாம் என்பது என் எண்ணம். வாங்கும் பெட்டியின் மேல் அதுதான் எழுதியிருக்கிறது. ‘ஹாப்’ என்பதற்கு மேலே நான் எழுதிய ‘தாவல்’ உலாவிகளில் வேறொன்றுக்கு ஏற்கெனவே புழங்குகிறது. அதைத் தனி இழையில் பேசுவோம்.