முழுப் பல்லில் அல்லிசின் இல்லை: பூண்டோடு பழகியவர்களின் அனுபவப் பகிர்வு

கந்தகன்

"பூண்டில் அல்லிசின் இருக்கிறது" என்று, பூண்டின் காரநெடிக்குக் காரணமான கந்தகப் பொருளைப் பற்றி எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அடிபடாத முழுப் பல்லில் அது கிடையாது. அங்கே இருப்பது அல்லியின் என்ற அமினோ அமில வகைப் பொருள். அதற்கு மணமும் இல்லை, உறைப்பும் இல்லை. அதை உடைக்கும் அல்லினேஸ் என்ற நொதி வேறு செல்களில், அவற்றின் நுண்குமிழிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கத்தியோ நம் பல்லோ புழுவோ அந்தச் சுவரை உடைத்தால்தான் இரண்டும் சந்திக்கும். சந்தித்த சில நொடிகளிலேயே வேலை தொடங்கி, அறை வெப்பத்தில் ஓரிரு நிமிடத்தில் அல்லியினில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

கணக்கையும் போட்டுவிடலாம். அல்லியின் உடைந்து அல்லைல் சல்ஃபீனிக் அமிலமாகிறது. கூடவே பைருவேட்டும் அம்மோனியாவும் வெளியேறும். அந்த அமில மூலக்கூறுகள் இரண்டு இணைந்து, ஒரு நீரை விட்டுவிட்டு, ஒரு அல்லிசின் ஆகின்றன. மூலக்கூறு எடை அல்லியினுக்கு 177, அல்லிசினுக்கு 162. ஆக 10 மில்லிகிராம் அல்லியின் ஒரு துளி மிச்சமில்லாமல் மாறினாலும் கிடைப்பது 4.6 மில்லிகிராம்தான். பச்சைப் பூண்டில் கிராமுக்கு ஏறக்குறைய 5 முதல் 14 மில்லிகிராம் அல்லியின் இருக்கும். 4 கிராம் எடையுள்ள நல்ல பல் என்றாலும் உச்சமாக 26 மில்லிகிராம் அல்லிசினைத் தாண்டாது. "ஒரு பல்லுக்கு 100 மில்லிகிராம்" என்று எங்கேயாவது பார்த்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள்.

அடுப்பங்கரை வேதியன்

கந்தகன் சொன்னதிலிருந்தே சமையலில் நடக்கும் பாதிக் குழப்பத்துக்கு விடை கிடைக்கிறது. எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

உரித்த பல்லை முழுசாகக் கொதிநீரில் போட்டால் நொதி வெந்து செயலிழக்கும். அதன்பின் எவ்வளவு நசுக்கினாலும் அல்லிசின் வராது, இனிப்பான மெத்தென்ற பல்தான் மிஞ்சும். நசுக்கிவிட்டு உடனே சூடான எண்ணெயில் கொட்டினாலும் ஏறக்குறைய அதே கதி. நசுக்கி 10 நிமிடம் தட்டில் விட்டுவிட்டு அடுப்பில் ஏற்றினால், வேண்டிய பொருள் முன்பே உருவாகியிருக்கும். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில் முழுப் பல்லை 60 நொடி மைக்ரோவேவில் வைத்ததுமே நொதி செத்துப்போனது. நசுக்கி 10 நிமிடம் விட்டபின் சூடாக்கியதில் பலனில் ஒரு பகுதி தங்கியது. "ஒரு பகுதி" என்பதைக் கவனியுங்கள். அல்லிசினே சூட்டைத் தாங்காத பொருள். நீண்ட நேரம் கொதித்தால் அதுவும் சிதைந்து வேறு சல்ஃபைடுகளாகிவிடும்.

உறைப்பு வேண்டாதவர்களுக்கும் இதே வேதியியல் கைகொடுக்கும். அல்லினேஸுக்குப் பிடித்த பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு கூடினால் இது குறையும்) 7ஐ ஒட்டியது. 3.5க்குக் கீழே போனால் அது மீளாமல் முடங்கிவிடும். பச்சைப் பூண்டு சேர்த்துக் கலவை அரைக்கும்போது, பல்லை எலுமிச்சைச் சாற்றுக்குள் போட்டே அரைத்தால் காரம் அடங்கியிருக்கும். முதலில் பூண்டை அரைத்துவிட்டுச் சாற்றைப் பிறகு பிழிந்தால் ஒரு பயனும் இல்லை, அல்லிசின் அதற்குள் பிறந்துவிட்டது. சாறு குறைவாக இருந்தாலும் கைவிடும், ஏனென்றால் பூண்டின் சொந்தச் சாறே பி.எச்.சை மேலே இழுத்துவிடும். அரைபடும் பூண்டு முழுக்க நனைந்து மூழ்குமளவு ஊற்றுங்கள்.

கருகிய கசப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது அல்லிசின் வேலை இல்லை. பூண்டில் சர்க்கரைச் சங்கிலிகள் அதிகம், தண்ணீர் வற்றியதும் சட்டென்று கருகும். பொன்னிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே தீயை அணையுங்கள், மிச்சத்தை எண்ணெயின் சூடு பார்த்துக்கொள்ளும்.

குடுவை

வரலாற்றிலும் இதே பாடம்தான், யாரும் சேர்த்து வைத்துச் சொல்வதில்லை. 1844இல் தியோடர் வெர்ட்ஹெய்ம் பூண்டை நீராவியில் வடித்து எண்ணெய் எடுத்தார். அல்லைல் என்ற பெயரே பூண்டின் அறிவியல் பெயரான அல்லியம் என்பதிலிருந்து அவர் வைத்ததுதான். 1892இல் செம்லர் அதே வழியில் போய், அந்த எண்ணெயில் முக்கியமானது டைஅல்லைல் டைசல்ஃபைடு என்றார். 1944இல் காவலிட்டோவும் பெய்லியும் கொதிக்கவைக்கவில்லை. 4 கிலோ பூண்டை அறை வெப்பத்தில் எத்தில் ஆல்கஹாலில் ஊறவிட்டு 6 கிராம் எண்ணெய் எடுத்தார்கள். அதுதான் அல்லிசின். 1940களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசலில் ஸ்டோலும் சீபெக்கும் உறைநிலைக்குக் கீழே ஆல்கஹாலால் பிரித்தபோது நொதி அசையவே இல்லை, கிடைத்தது அல்லியின்.

கொதிநிலை, அறை வெப்பம், உறைகுளிர். பூண்டு ஒன்றே, வந்த பொருள் மூன்று. இவர்களில் யாரும் தவறு செய்யவில்லை.

ஜாடி மூடி

வினிகரில் போட்ட பூண்டு நீலமாகவோ பச்சையாகவோ மாறியதும் "கெட்டுப்போச்சு" என்று கொட்டுபவர்கள் ஏராளம். கொட்ட வேண்டாம், அது தீங்கற்ற நிறம். ஆனால் அது ஏன் ஒரு ஜாடியில் வருகிறது, பக்கத்து ஜாடியில் வருவதில்லை என்பதுதான் சுவாரசியம்.

குளிரில் கிடந்த பூண்டில் முளைவிடும் ஏற்பாடு தொடங்கும். சேமித்து வைத்த பெப்டைடுகள் (அமினோ அமிலச் சங்கிலிகள்) உடைந்து ஐசோஅல்லியின் சேரும். இது வெங்காயத்தில் மிகுதியாக இருக்கும் பொருள், பூண்டில் சாதாரணமாகக் கொஞ்சம்தான் இருக்கும். வினிகர் செல்சுவர்களை உடைத்ததும், நொதி முடங்குவதற்குள் ஐசோஅல்லியினையும் வெட்டிவிடுகிறது. அதிலிருந்து வருபவை அமினோ அமிலங்களோடு சேர்ந்து பைரோல் என்ற நைட்ரஜன் உள்ள வளையங்களாகும். அல்லிசினிலிருந்து வரும் துண்டுகள் அந்த வளையங்களைக் கோத்துவிட்டால் நீலம். கூடவே ஒரு மஞ்சளும் உருவாகும், இரண்டும் கலந்தால் பச்சை.

தடுக்க இரண்டு வழி. ஒன்று, ஃப்ரிட்ஜில் இருந்த பூண்டை நேராக வினிகரில் போடாமல் சில வாரம் அறை வெப்பத்தில் வைத்திருந்து பிறகு போடுவது. குளிரில் சேர்ந்தது மெல்லக் குறையும். இரண்டு, பல்லைக் கொதிநீரில் 3, 4 நிமிடம் போட்டு எடுத்து நொதியைக் கொன்றுவிடுவது. பருத்த பல் என்றால் நடுப்பகுதி வரை சூடு ஏற வேண்டும். இல்லாவிட்டால் வெளியே வெள்ளையும் உள்ளே பச்சையுமாக நிற்கும். இரண்டாவது வழியில் காரமும் போய்விடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கந்தகன்

ஜாடி மூடி சொன்னதோடு ஒன்று: வெங்காயத்தையும் பூண்டையும் சேர்த்து அரைத்துவைத்த விழுது பச்சையாவதும் இதே வினைதான். ஐசோஅல்லியினை வெங்காயம் தருகிறது, அல்லிசினைப் பூண்டு தருகிறது. கண்ணீர் வரவழைப்பதற்கு மட்டும் வெங்காயத்தில் தனியாக இன்னொரு நொதி உண்டு. 2002இல்தான் அதை அடையாளம் கண்டார்கள். அதுவரை எல்லாப் பழியையும் அல்லினேஸே சுமந்தது.

எண்ணெய்ச் சட்டி

பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைக்கும் பழக்கம் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் ஆள் போகும்.

வேதியியல் முதலில். நசுக்கிய பூண்டை எண்ணெயில் ஊறவிட்டால் அல்லிசின் அங்கே நிலைக்காது. தண்ணீரில் பல நாள் தாங்கும் பொருள், எண்ணெயில் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். அஜோயீன், வினைல் டைத்தீன் என்று வேறு பொருள்களாக மாறும். அஜோயீனுக்கு இரத்தத் தட்டுகள் ஒட்டுவதைத் தடுக்கும் குணம் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் பூண்டு மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது இதனால்தான்.

அடுத்தது ஆபத்து. பூண்டு மண்ணுக்குள் விளைவது, கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் கிருமியின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். அவை முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சைக் கக்க மூன்று வசதி வேண்டும்: காற்றில்லாமை, ஈரம், 4.6க்கு மேற்பட்ட பி.எச். எண்ணெய் காற்றை அடைக்கிறது, பல்லுக்குள்ளேயே ஈரம் இருக்கிறது, பூண்டின் பி.எச். 5.3க்கும் 6.3க்கும் இடையில். மூன்றும் கையில் வைத்துக் கொடுத்தாயிற்று. 1985இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்ட பூண்டால் 36 பேருக்கு இந்த நஞ்சு ஏறியது. மணம், நிறம், சுவை எதுவும் காட்டிக்கொடுக்காது. "அல்லிசின் கிருமிக்கொல்லி ஆயிற்றே" என்று வாதிடுபவர்களுக்கு: மேலே சொன்னபடி எண்ணெயில் அது மிஞ்சாது, வித்துகளைக் கொல்லவும் அதற்குச் சக்தி போதாது.

பாதுகாப்பாகச் செய்யும் முறை: பூண்டை 6 மில்லிமீட்டருக்கு மிகாமல் பொடியாக நறுக்குங்கள். 3 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசல் தயாரியுங்கள், அதாவது 30 கிராம் அமிலமும் 970 கிராம் தண்ணீரும். எடைக் கணக்கில் 1 பங்கு பூண்டுக்கு 3 பங்கு கரைசல். குறைந்தது 24 மணி நேரம், எல்லாத் துண்டும் மூழ்கியிருக்க வேண்டும். மிதப்பதை ஒரு தட்டு வைத்து அமுக்குங்கள். பிறகு நன்றாக வடித்து, 10 பங்கு எண்ணெயில் போடலாம். முழுப் பல்லைப் போட்டால் அமிலம் நடுவுக்குப் போய்ச் சேராது, பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். எலுமிச்சைச் சாறு ஊற்றினால் போதுமா என்றால், போதாது. சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். இத்தனையும் வேண்டாம் என்றால் ஃப்ரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கைக்கட்டு

அரைத்த பூண்டைப் பருவிலும் மருவிலும் வைத்துக் கட்டிவிட்டுத் தூங்குபவர்களுக்கு: தோல் வெந்துபோகும். கொப்புளம் கிளம்பும் இரண்டாம் நிலைத் தீப்புண் வரை மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அல்லிசின் புரதங்களில் உள்ள தயோல் தொகுதிகளை (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனைகளை) தேடிப் பிடித்து ஒட்டும். கிருமியின் புரதம், நம் தோலின் புரதம் என்று அது பிரித்துப் பார்க்காது. மேலே கட்டுப் போட்டால் ஆவியாகவும் வழியில்லை. குழந்தைகளின் தோலில் வைக்கவே கூடாது. தினமும் பூண்டு உரிப்பவர்களுக்கு விரல்நுனி வெடிப்பது இதிலிருந்து வேறு. அது பெரும்பாலும் டைஅல்லைல் டைசல்ஃபைடுக்கு வரும் ஒவ்வாமை.

குடுவை

வாய் நாற்றம் பற்றி யாரும் எழுதவில்லையே. பல் துலக்கினால் போகாததற்குக் காரணம் அல்லைல் மெத்தில் சல்ஃபைடு. குடலிலிருந்து இரத்தத்துக்குப் போய், நுரையீரல் வழியே மணிக்கணக்கில் வெளியேறுகிறது. பச்சை ஆப்பிளும் புதினா இலையும் ஓரளவு குறைக்கும். பாலில் கொழுப்புள்ள பால்தான் மேல், அதுவும் பூண்டோடு சேர்த்துக் குடித்தால். சாப்பிட்டு முடித்தபின் குடித்தால் பலன் குறைவு.

அளவுகோல்

ஆய்வகத்தில் பூண்டை அளப்பவர்களுக்குச் சில குறிப்புகள், பலரும் வழுக்கும் இடங்கள் இவை.

அல்லியினை அளக்க வேண்டுமென்றால் பல்லை நசுக்குவதற்கு முன்பே நொதியைக் கொல்லுங்கள். முழுப் பல்லை மைக்ரோவேவில் வைத்துவிட்டு அரைப்பது எளிய வழி. அரைத்தபின் மெத்தனால் ஊற்றினால் பாதி ஓடிப்போயிருக்கும். அல்லிசினை அளக்க வேண்டுமென்றால் நேர்மாறு: அறை வெப்பத்தில் தண்ணீரில் அரைத்து, சில நிமிடம் விட்டு, வடிகட்டி, தாமதிக்காமல் கருவியில் ஏற்றுங்கள்.

மலிவான வழி, தயோல் உள்ள அமினோ அமிலமான சிஸ்டீனைக் கொண்டு அளக்கும் முறை. ஒரு அல்லிசின் இரண்டு சிஸ்டீனை விழுங்கும். அளந்த சிஸ்டீனைச் சேர்த்து, மிச்சத்தை டி.டி.என்.பி. என்ற வினைபொருள் மஞ்சளாக்கும்படி விட்டு, 412 நானோமீட்டர் ஒளியில் படியுங்கள். மஞ்சள் எவ்வளவு குறைந்ததோ அதில் பாதி அல்லிசின். ஆனால் இது அல்லிசினின் உறவுக்காரர்களையும் சேர்த்தே எண்ணும், ஆகவே அறிக்கையில் "மொத்தத் தயோசல்ஃபினேட்" என்றே எழுதுங்கள்.

உலர்பொடிக்கும் இதே ஒழுங்குதான். நன்றாக உலர்த்திய பொடியில் அல்லியினும் நொதியும் அருகருகே தூங்குகின்றன, தண்ணீர் பட்டதும் விழிக்கும். ஒரு சிட்டிகையை ஈரமாக்கி ஒரு நிமிடம் கழித்து முகருங்கள். காரநெடி எழாவிட்டால் உலர்த்தும்போது நொதி வெந்துவிட்டது.

பொருள்களைச் சூட்டில் ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவியில் மட்டும் அல்லிசினைத் தேட வேண்டாம். ஊசி போடும் வாயிலின் சூட்டிலேயே அது சிதைந்து வினைல் டைத்தீனாகிவிடும். திரையில் அழகான இரட்டைச் சிகரம் தெரியும். பூண்டில் இல்லாத, கருவியே சமைத்த பொருள் அது.