லாக்டேட் மீட்டர் வைத்துப் பயிற்சி எடுப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். சென்னையில் இருக்கிறோம். தம்பி 5000 மீட்டர் ஓடுகிறான், தேசியப் போட்டிக்குத் தயாராகிறான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நார்வேயின் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் 5000 மீட்டர் தங்கம் வாங்கியதிலிருந்து நார்வேக்காரர்களின் பயிற்சி முறைதான் அவனுக்கு வேதவாக்கு. ஒரே நாளில் காலையும் மாலையும் விட்டுவிட்டு ஓடுவது, ஆனால் மூச்சு முட்ட ஓடாமல், ரத்தத்தில் லாக்டேட் (கடுமையாக ஓட ஓட தசையில் உண்டாகி ரத்தத்தில் கூடும் பொருள்) அளவைப் பார்த்து வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது.

ஒரு சொட்டு ரத்தத்தில் அதை அளக்கும் லாக்டேட் மீட்டர் வாங்கியாகிவிட்டது. சிக்கல் அப்புறம்தான். போன வாரம் மூன்றாவது 1000 மீட்டர் முடித்ததும் விரலில் குத்திப் பார்த்தால் லிட்டருக்கு 6.8 மில்லிமோல், மூச்சு முட்ட ஓடினால் வரும் அளவு. அவனோ சாதாரணமாகப் பேசிக்கொண்டு நிற்கிறான்! விரலை நன்றாகத் துடைத்து, முதல் சொட்டை வழித்துவிட்டு, மறுபடி பார்த்தால் 3.1. வியர்வையிலும் லாக்டேட் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ரத்தச் சொட்டை வைத்து மீட்டரில் சொருகும் ஸ்ட்ரிப் ஒன்று வீண். அதன் விலை தெரிந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் காதுமடலில் எடுத்தால் சரிவருமா? வெயிலில் ஒரே வேகத்தில் ஓடினாலும் இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது, அதனால் வாட்சை மட்டும் நம்ப முடியவில்லை. வாரத்தில் இரண்டு நாள் இப்படி இருவேளை ஓடுவது இந்த வெயிலுக்குத் தாங்குமா, இல்லை மாலை ஓட்டத்தைக் குறைக்கட்டுமா? ஊட்டி உயரத்தில் மூன்று நாலு வாரம் தங்கி ஓடியவர்கள் இருந்தால், போவதற்கு முன் இரும்புச்சத்துக்கு ஃபெரிட்டின் பரிசோதனை எடுத்தீர்களா என்றும் சொல்லுங்கள். ஸ்ட்ரிப் மலிவாகக் கிடைக்கும் இடம் தெரிந்தால் அதை முதலில் சொல்லுங்கள்!