போத்தலில் என் முகத்தைப் போடலாமா?

கொட்டகலை கலா:
வணக்கம். நான் வீட்டிலேயே ஜாம் காய்ச்சி விற்கிறேன். மரத்தக்காளி, பேரிக்காய், கிடைக்கிற நேரம் ஸ்ட்ரோபெரி. ஹட்டனில் சில கடைகள் எடுக்கின்றன. மற்றபடி வாங்கினவர்கள் நாலு பேரிடம் சொல்லித்தான் வியாபாரம் ஓடுகிறது.

கொழும்பில் வேலை செய்யும் தங்கச்சி ஒரே பிடியாக நிற்கிறாள். "அக்கா, லேபலில் உன் பேரையும் முகத்தையும் போடு. டிக்டொக்கில் நீயே வந்து பேசு. நயன்தாரா 9ஸ்கின் என்று தோல் பராமரிப்புப் பொருள் விற்கத் தொடங்கினது அப்படித்தான், ரிஹானாவும் அப்படித்தான்" என்கிறாள். மாமிக்கு இது பிடிக்கவில்லை. வீட்டுப் பொம்பளையின் முகம் எதற்குக் கடைத் தட்டில் இருக்க வேண்டும் என்று கேட்கிறார். அவர் பேச்சையும் தட்ட மனம் வரவில்லை.

அந்த நட்சத்திரங்களை உலகத்துக்கே தெரியும். என்னை இந்த ஊரைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது. அவர்கள் செய்கிற முறையில் எனக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

பதுளை ரவி:
கலா அக்கா, எல்லோரும் நட்சத்திரமாக இருந்துவிட்டு வியாபாரத்துக்கு வந்தவர்கள் இல்லை. சென்னை சரவணா ஸ்டோர்ஸ் விளம்பரம் நம்ம வீட்டு டிவியிலும் ஓடியதுதானே. தமன்னா, ஹன்சிகாவோடு முதலாளி சரவணன் அருள் தானே வந்து ஆடினார். 2022இல் கதாநாயகனாகப் படமும் நடித்தார். லலிதா ஜுவல்லரி முதலாளியும் விளம்பரத்தில் தானே நின்று பேசுகிறார். இவர்களுக்கெல்லாம் கடை முதலில், முகம் பிறகு. முதலாளி முன்னுக்கு வந்து நின்றால், ஏதாவது பிழை என்றால் இந்த ஆளைக் கேட்கலாம் என்று சனத்துக்கு ஒரு தைரியம்.

முகமே இல்லாமலும் நடக்கும். முரளியின் குடும்பத்துக்குக் கண்டியில் பிஸ்கட் தொழில். டெஸ்டில் 800 விக்கெட் எடுத்தவர் வீட்டு பிஸ்கட், ஆனால் பக்கெட்டில் இருக்கிற பேர் லக்கிலேண்ட்.

அப்புத்தளைக்காரன்:
தங்கச்சி, லிப்டன் சீட் என்ற மலைக் காட்சி இடத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறது என் தொழில். அதனால் நயன்தாராவுக்கு முன்னால் இந்த மலையில் நடந்த கதையைச் சொல்கிறேன்.

தோமஸ் லிப்டன் 1871இல் கிளாஸ்கோவில் ஒரு மளிகைக் கடையோடு தொடங்கியவர். கிறிஸ்துமஸுக்கு இராட்சத சீஸ் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து, உள்ளே தங்கக் காசு வைத்து விற்றார். ஊரே திரண்டது. 1890இல் இலங்கைக்கு வந்து டம்பத்தென்ன உட்படத் தோட்டங்களை வாங்கினார். அந்தக் காலத்தில் பிரித்தானியாவில் கடைகளில் தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துத்தான் கொடுப்பார்கள். இவர் நிறை குறித்த பக்கெட்டில், குறைந்த விலையில், தன் பேரைப் போட்டு விற்றார். "தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பானைக்கு" என்பதுதான் அவருடைய விளம்பர வாசகம். அவர் விற்றது முழுக்க அவர் தோட்டத்துத் தேயிலை கிடையாது. ஆனாலும் வாங்கினவர்கள் மனதில் அந்த மனிதரும் மலையும் பதிந்துவிட்டன. அமெரிக்கா கோப்பைப் படகுப் போட்டிக்கு 1899 முதல் 1930 வரை ஐந்து தடவை போனார். ஒரு தடவையும் வெல்லவில்லை. முகம் சுளிக்காமல் தோற்ற அந்த மனிதரை அமெரிக்கர்களுக்குப் பிடித்துப்போனது. தேயிலையும் அங்கே நன்றாக விற்றது.

இப்போதைய ஆட்களும் அதே வழிதான். அமெரிக்க டிவி நட்சத்திரம் கைலி ஜென்னரின் உதட்டைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம், 2015இல் உதட்டுச்சாயத்தோடு வந்தார். பின்தொடர்கிறவர்கள் கைபேசியிலேயே இருந்ததால் விளம்பரத்துக்குத் தனியாகப் பெரிய செலவு தேவைப்படவில்லை. ரிஹானாவைப் பாட்டால் தெரியும், சரி. ஆனால் 2017இல் அவருடைய ஃபென்டி பியூட்டி 40 நிறத்தில் ஃபவுண்டேஷன் என்ற முகப்பூச்சைக் கொண்டுவந்தது. கடைகளில் தங்கள் தோலுக்குப் பொருத்தமான நிறம் கிடைக்காமல் இருந்த கறுப்புப் பெண்களுக்கு அது பெரிய விஷயம். உங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அங்கேதான் இருக்கிறது. முகம் முதல் போத்தலை வாங்க வைக்கும், அவ்வளவுதான். அடுத்த போத்தலை வாங்க வைப்பது உள்ளே இருக்கிற பொருள்.

அப்புறம், பேர் என்பது சொத்து. கைலி 2019இல் தன் கம்பனியின் 51 வீதத்தைக் கோட்டி என்ற அழகுசாதன நிறுவனத்துக்கு 60 கோடி டொலருக்கு விற்க உடன்பட்டார். லிப்டன் 1931இல் போய்ச் சேர்ந்தார், பேர் இன்னும் கைமாறுகிறது. 2022இல்கூட யூனிலீவர் அந்தத் தேயிலை வியாபாரத்தை விற்றது. அதனால் முதலில் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரை உங்கள் பேரிலேயே பதிந்துவிடுங்கள். தங்கச்சி பேரிலோ கடைக்காரர் பேரிலோ வேண்டாம்.

பொகவந்தலாவ மல்லிகா:
நான் மாமிக்காக எழுதுகிறேன். அவர் பயத்தை நான் மதிக்கிறேன்.

நம்ம பெண்களின் முகம் எப்போதோ கடைத் தட்டுக்குப் போய்விட்டது. லிப்டனின் பழைய விளம்பரப் படங்களிலேயே கூடையோடு நிற்கிற கொழுந்துக்காரி இருக்கிறாள். பேர் மட்டும் லிப்டனுடையது. என் அம்மா கொழுந்து எடுத்தவர். வேனை நிறுத்தி இறங்குகிறவர்கள், தலையில் கயிறு மாட்டியிருக்கும்போதே "இந்தப் பக்கம் பாருங்கம்மா" என்று படம் எடுப்பார்கள். அம்மா சிரிப்பார். ஒருவரும் பேர் கேட்டது கிடையாது. அந்தப் படங்கள் எந்தப் பெட்டியில் ஒட்டப்பட்டன என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

கலா, உங்கள் முகம் உங்கள் பேரோடு, நீங்கள் காய்ச்சின ஜாமில், நீங்கள் வைத்த விலையில் இருக்கப்போகிறது. மாமியை உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள். தோட்டத்தில் இருந்தவர் என்றால் அவருக்கு விளக்கமே தேவைப்படாது. கொட்டகலை என்ற ஊர்ப் பேரையும் பெரிதாகப் போடுங்கள்.

கொட்டகலை கலா:
எல்லோருக்கும் நன்றி. மல்லிகா அக்கா எழுதினதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டார். பிறகு, "படம் எடுத்தால் சேலை கட்டிக்கொண்டு எடு" என்றார்.

டிக்டொக்கில் ஆடிப்பாட எனக்கு வராது. அடுப்படியில் நான் செய்கிறதையே காட்டப்போகிறேன். ஜாம் பதம் பார்க்க, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுவேன். மேலே சுருக்கம் விழுந்தால் சட்டியை இறக்கலாம், ஓடினால் இன்னும் கொதிக்க வேண்டும். ஓடுகிற தட்டையும் மறைக்காமல் காட்டுவேன். பிரதேச செயலகத்துக்குத் திங்கட்கிழமை போகிறேன். காய்ச்சின திகதி, முடிவுத் திகதி எல்லாம் லேபலில் வரும்.

ஹட்டன் பக்கம் நல்ல லேபல் அச்சடிக்கிற இடம் தெரிந்தால் சொல்லுங்கள். இந்த மழைக்கு மை கரையக்கூடாது.